வடக்கு ஓரத்துக்கு மட்டும் வெறும் தகரம்

கண்ணு,

வியாழக்கிழமை நீ போனில் கேட்டதற்கு, "சரி சாமி, அப்படியே செஞ்சுக்கோ" என்று சொன்னேன் அல்லவா, அதை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீ என்ன கேட்டாய் என்றே எனக்குத் தெரியாது. போனில் உன் குரல் எனக்கு ஒரு முணுமுணுப்பாகத்தான் வருகிறது. அது நிற்கிற இடத்தில் ஒரு "ம்" போடுவேன். கொஞ்சம் நீளமாக நின்றால் "சரி சாமி" என்பேன். கொஞ்ச காலமாகவே நம் பேச்சு இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. போனை வைத்த பிறகு, ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த உன் அப்பா என் முகத்துக்கு நேரே வந்து நின்று, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னார்: "ஏன் அம்மிணி, சத்தமே வராத கூரைக்கு நீ பாட்டுக்குச் சரின்னுட்டியே." அயோத்தியாப்பட்டணத்து வீட்டு மொட்டைமாடியில் எங்களுக்கென்று நீ கட்டுகிற அறைக்கு, இரண்டு தகரத்துக்கு நடுவே நுரை வைத்த பேனல் போடப்போகிறாயாம். அதற்கும் கீழே ஜிப்சத்தில் இன்னொரு கூரை வருமாம். மழை கொட்டினாலும் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாதாம். ஆயுசெல்லாம் தறிச் சத்தத்தில் கிடந்த அம்மா இனிமேலாவது அமைதியாக இருக்கட்டும் என்று சொன்னாயாமே. கேட்டதும் எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. உன்மேல் கோபப்பட ஒன்றுமில்லை என்பதால் உன் அப்பாமேல் பட்டேன்.

சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குக் காது போய்விட்டது. அடியோடு போகவில்லை. மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாக எழுந்து போயின. அணில், கொலுசு, பால்காரரின் மணி, இப்போது குக்கர் விசில். ஒருநாள் பருப்பு அடிபிடித்ததிலிருந்து உன் அப்பாதான் சமையலறை வாசலில் நின்று விசிலை விரலில் எண்ணிக் காட்டுகிறார். கனத்த சத்தங்கள் மட்டும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. லாரி தெரிகிறது, இடி தெரிகிறது, தகரத்தின்மேல் விழுகிற மழை தெரிகிறது. நீ போடப்போகிற கூரை அந்த மழையையும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளும். அது கூடாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். பேனலுக்கு நீ ஆர்டர் கொடுப்பதற்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று உன் அப்பாவிடமே கொடுத்து பஸ் ஏற்றுகிறேன். வழியில் பிரித்துப் படிக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். சேலம் பஸ் சங்ககிரி தாண்டுவதற்குள் படித்திருப்பார்.

நேரில் வந்துபோகும்போது ஏன் எனக்குத் தெரியவில்லை என்று நீ உன்னையே திட்டிக்கொள்ளாதே. குமாரபாளையத்தில் தறிப்பட்டறைக்குள் வேலை பார்த்தவர்கள் யாரும் அங்கே காதால் கேட்டதில்லை. அத்தனை தறியும் ஒன்றாக ஓடுகிற இடத்தில் கத்தினாலும் பக்கத்திலிருப்பவளுக்கு எட்டாது. அதனால் நாங்கள் வாயைத் திறந்து சத்தமில்லாமல் பேசுவோம், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். மாமியார் கதை, சினிமாக் கதை, கல்யாணக் கதை எல்லாம் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு அப்படியே போய்வரும். அந்தப் பழக்கம்தான் இத்தனை நாள் உன்னிடம் என்னைக் காப்பாற்றியது. நீ என்னைப் பார்த்துப் பேசும்வரை ஒரு சொல் தவறாது. நீ செல்போனைப் பார்த்துக்கொண்டே பேசுவாயே, அப்போதெல்லாம் நான் ஒன்றும் கேட்டதில்லை. சுகன்யா நல்ல பெண். என் மருமகள் என்பதற்காகச் சொல்லவில்லை, எதையும் முகம் பார்த்துத்தான் பேசுகிறாள்.

உன் அப்பாவை நான் முதலில் பார்த்ததும் அந்தச் சத்தத்துக்குள்தான். சாயப்பட்டறையிலிருந்து நூல் கட்டுகளைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு வருவார், முழங்கை வரை நீலமாக இருக்கும். உள்ளே வந்து நின்று தொண்டை கிழியக் கத்துவார். எங்களுக்கு ஒன்றும் கேட்காது, அவருக்கும் எங்கள் பேச்சுத் தெரியாது. எதிர்த் தறிக்காரியிடம் நான், "இந்த நீலக்கை மாப்பிள்ளை யாருக்குடி வேணும்?" என்று உதட்டில் கேட்டேன். "நீயே வெச்சுக்கடி" என்றாள். பட்டறையே சிரித்தது. நடுவில் அந்த மனிதர் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு, ஏதோ நல்லதாகத்தான் சொல்கிறார்கள் என்று தானும் சிரித்தார். கல்யாணத்துக்குப் பிறகு இதைச் சொன்னபோது ஒரு நாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். இப்போது அவரே எனக்காக அந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டு பேசுகிறார். அரைகுறைதான், ஆனாலும் பேசுகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தறி சரியாக ஓடுகிறதா என்று நாங்கள் பார்த்தது கையால். உள்ளங்கையைச் சட்டத்தின்மேல் வைத்தால் போதும். நட்டு கழன்றிருந்தால், குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா தடுக்கினால், கை அதைச் சொல்லிவிடும். சில சமயம் வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும் நான் கையை அங்கேயே வைத்துக்கொண்டு நிற்பேன். ஓடுகிற தறி உள்ளங்கைக்குள் வந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கும், கண் தானாகச் சொக்கும். மேஸ்திரி திட்டியதெல்லாம் உதட்டைப் பார்க்காதவரை எனக்குக் கேட்கவில்லை.

சரி, கூரைக்கு வருகிறேன். இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துவிடாதே, நான் எல்லாக் கூரைக்கும் அடியில் படுத்து எழுந்தவள். ஓட்டுக்குக் கீழே பிறந்தேன். ஓடு அழகுதான், வெயிலுக்கும் தாங்கும். ஆனால் மழைக்கு முன்னால் வருஷா வருஷம் ஆள் ஏறி மாற்றி வைக்க வேண்டும், குரங்கு வந்தால் தொலைந்தது, இடுக்கில் தேள் குடியிருக்கும். கல்யாணமாகி வந்த வீட்டில் சிமெண்ட் ஷீட்டு. அதை அறுக்கும்போது பறக்கிற தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள், மலிவு என்று யாராவது ஆசை காட்டினாலும் அந்தப் பக்கமே போகாதே. இப்போது இருக்கிற இந்த வீடு கான்கிரீட். பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, நாம் சாப்பிட்டுப் படுக்கிற நேரமாகப் பார்த்து அதை மெதுவாக நம்மேல் இறக்குகிறது. சித்திரை மாதத்தில் உன் அப்பா மாடிக்கு ஏறித் தண்ணீர் தெளித்துவிட்டு வருவார், வந்து மூச்சு வாங்குவார். அவருக்கு இனிமேல் அந்தச் சூடு ஆகாது. அதனால் படுக்கிற அறைக்கு நீ பார்த்து வைத்திருக்கிற நுரை வைத்த பேனலே சரி. மேல்பக்கம் வெள்ளையாக எடு. பச்சையும் சிவப்பும் பார்க்கத்தான் நன்றாக இருக்கும், வெயிலை இழுக்கும். ஆனால் அதற்குக் கீழே ஜிப்சத்தில் இன்னொரு கூரை வேண்டாம். கூரைக்குள் கூரை வைத்து நாங்கள் ஒருமுறை பட்டது போதும்.

அப்போது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். அந்தச் சிமெண்ட் ஷீட்டு வீட்டில் பங்குனியிலேயே உனக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. வேப்பிலை அரைத்துப் போட்டேன், நுங்கைத் தடவினேன், ஒன்றும் அடங்கவில்லை. நீ அழ, உன்னோடு நான் அழ, உன் அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. பஞ்சு மெத்தைக்குள் சூடு போகாதே, கூரைக்கே ஒரு மெத்தை தைத்தால் என்ன என்றார். எனக்கும் அது பெரிய மூளையாகத்தான் தெரிந்தது. நூல்காரர்கள் வேறு எதைத் தேடிப் போவோம்? பட்டறைகளில் மிஞ்சிய கழிவு நூலை எல்லாம் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தார். விலைபோகாத லுங்கிகளை நான் ஒன்றோடொன்று தைத்து ஷீட்டுக்குக் கீழே இழுத்துக் கட்டினேன். நடுவில் நூலை அடைத்தோம். வீடு குளிர்ந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. மத்தியானத்தில் நீ அசந்து தூங்கினாய். நான் மல்லாந்து படுத்து அந்தக் கட்டம் போட்ட கூரையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு பெரிய லுங்கியைக் கட்டிக்கொண்டு வானமே எங்கள் வீட்டுக்குள் இறங்கிப் படுத்திருக்கிற மாதிரி இருக்கும்.

பிறகு கோடை மழை வந்தது. ஷீட்டில் எங்கேயோ ஒரு விரிசல் இருந்திருக்கிறது, அதுவரை எங்களுக்குத் தெரியாது. ஒரு சொட்டு ஒழுகியிருந்தால் பார்த்து அடைத்திருப்போம். அத்தனையையும் அந்த நூல் குடித்துக்கொண்டது. மழை நின்றது, வெயிலும் அடித்தது, தெருவெல்லாம் காய்ந்துவிட்டது. அடுத்த நாள் காலையில்தான் எங்கள் வீட்டுக்குள் மழை ஆரம்பித்தது. கூரை நிறைமாத வயிறு மாதிரித் தொங்கிற்று. அதிலிருந்து சொட்டு சொட்டாக விழுந்ததே, அது தண்ணீர் நிறத்தில் இல்லை. சிவப்பில் ஒரு சொட்டு, பச்சையில் ஒரு சொட்டு, நீலத்தில் ஒன்று. நடுவீட்டில் உட்கார்ந்து நீ இரண்டு கையையும் நீட்டி அதைப் பிடித்துக்கொண்டிருந்தாய். உன் வெள்ளைச் சட்டை தேர்த் தோரணம் மாதிரி ஆகிவிட்டது. "ஏனுங்க, உங்க சாயம் இப்படி வெளுத்துப் போச்சே" என்றேன். அவர் தலையில் ஒரு பச்சைச் சொட்டு விழுந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன், நீ எங்களைப் பார்த்துச் சிரித்தாய், அவர் மட்டும் அது கெட்டிச் சாயம் இல்லை, வேறு பட்டறைச் சாயம் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார். ஒரு வாரம் சொட்டியது, அப்புறம் நாற்றம், அப்புறம் எலி. எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டோம். அதனால் சொல்கிறேன், ஒழுகினால் அந்த இடம் உடனே கண்ணில் படுகிற மாதிரி கூரை இருக்கட்டும். மறைவாகக் குடித்து வைத்துக்கொள்கிற எதையும் தலைக்கு மேலே வைக்காதே.

மெத்தையைப் பிரித்த பிறகுதான் மழைச் சத்தம் அந்த வீட்டுக்கு மறுபடியும் வந்தது. அது இல்லாமல் நான் எதையோ இழந்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. பட்டறையில் எனக்கு மழை என்றால் என்ன தெரியுமா? மேகம் கூடினாலே கரண்டு போய்விடும். ஓடிக்கொண்டிருந்த அத்தனை தறியும் ஒரே மூச்சில் நின்றுவிடும். ஒரு கணம் உலகமே இல்லாத மாதிரி இருக்கும். அப்புறம் தகரத்தின்மேல் முதல் சொட்டுகள் விழும். இங்கே ஒன்று, அங்கே ஒன்று, பிறகு மொத்தமாகக் கொட்டும். நாங்கள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவோம். யாரும் யாரையும் வேலை ஏவ முடியாது, யாரும் எதுவும் பேச மாட்டோம். நான் கண்ணை மூடிக்கொள்வேன். கூரை ஓரத்து வாய்க்காலில் தண்ணீர் சேர்ந்து, குழாய் வழியாகக் கீழே இருக்கிற பீப்பாய்க்குள் விழும். முதலில் கணகணவென்று வெறும் வயிற்றில் விழுகிற சத்தம், நிறைய நிறைய அது தழைந்து தழைந்து, கடைசியில் யாரோ தொண்டைக்குள்ளேயே பாடுகிற மாதிரி ஆகிவிடும். அதைக் கேட்டே பீப்பாய் எவ்வளவு நிறைந்தது என்று சொல்லிவிடுவேன். என் வாழ்க்கையில் சும்மா உட்கார்ந்திருந்த நேரம் என்று ஒன்று உண்டென்றால் அது அந்த மழை நேரம்தான், கண்ணு.

இந்தக் கான்கிரீட் வீட்டில் மழை ஓசையில்லாமல் வந்து ஓசையில்லாமல் போகிறது. போன வருஷம் ஒரு நாள் கொடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனேன், எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மழை பெய்து ஓய்ந்தே போயிருந்தது. நான் உள்ளே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்திருக்கிறேன். ஈரத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். வாசல் வரைக்கும் வந்த விருந்தாளியை உள்ளே கூப்பிடாமல் அனுப்பிவிட்ட மாதிரி இருந்தது.

அப்புறம் இந்தச் சித்திரையில் ரேஷன் கடை வாசலில் வரிசையில் நின்றிருந்தேன். அங்கே புதிதாகத் தகரம் போட்டிருந்தார்கள். திடீரென்று காற்று அடித்து ஆலங்கட்டி மழை கொட்டிற்று. எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குக் கேட்டது, சாமி. எங்கேயோ தொலைவில் இல்லை, தலைக்கு நேர் மேலே, நெஞ்சுக்கு உள்ளே, பழைய பட்டறையில் கேட்ட அதே கனத்தோடு கேட்டது. நான் அழுதுகொண்டு நின்றேன். பக்கத்திலிருந்தவள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து முதுகைத் தடவினாள். மழை விட்டு எல்லாரும் போன பிறகும் நான் நகரவில்லை. குடையைத் தூக்கிக்கொண்டு உன் அப்பா தேடி வந்தார். "மழ நின்னுருச்சு அம்மிணி, போலாமா?" என்று உதட்டில் கேட்டார். "இன்னுங் கொஞ்சம் சொட்டுதுங்க" என்றேன். அவர் குடையை மடக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் நின்றார். அன்றிலிருந்து மேகம் கறுத்தால் போதும், வாங்க ஒன்றும் இல்லாவிட்டாலும் பையை எடுத்துக்கொண்டு, "ரேஷன் கடைக்குப் போலாமா?" என்கிறார். கடைக்காரர் எங்களைப் பற்றி என்ன நினைக்கிறாரோ, எங்களுக்குத் தெரியாது.

அங்கே வந்துவிட்டால் எனக்கு அந்தத் தகரமும் இல்லை. அதனால் நான் கேட்பது இதுதான். அறைக்கு வெளியே வடக்குப் பக்கம் ஒரு கட்டில் போடுகிற அகலத்துக்குக் கூரையை நீட்டு. அந்த ஓரத்துக்கு மட்டும் நுரையும் வேண்டாம், ஜிப்சமும் வேண்டாம், வெறும் தகரம் போதும், அதுவும் கைக்கு எட்டுகிற உயரத்தில். வடக்கு என்பதால் வெயில் அவ்வளவாக வாட்டாது. ஏற்காட்டு மலையும் அந்தப் பக்கம்தான். மழை மலையில் இறங்கித் தென்னந்தோப்புகளை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு வருவதைக் கண்ணாலும் பார்க்கலாம். தகரத்தை இறுக்குகிறபோது திருகு தகரத்து நெளிவின் மேட்டில் இறங்க வேண்டும், பள்ளத்தில் இறங்கினால் தண்ணீர் அங்கேதான் ஓடும், ஒழுகும். ரப்பர் வளையம் இல்லாமல் ஒரு திருகும் வேண்டாம். ஒரு தகரத்தின்மேல் இன்னொன்று ஏறுகிற வாய், ஆடிக் காற்றுக்கு எதிராக மேற்கே பார்த்துத் திறந்திருக்கக்கூடாது. பார்த்துக்கொள். ஓரத்துத் தண்ணீர் வாய்க்காலை அகலமாகவே வை. கோடை மழை கேட்டுக்கொண்டு வராது, ஒரேயடியாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். குழாய்ப் பக்கம் லேசாகச் சரிவு கொடு, வாயில் வலை கட்டு, இல்லாவிட்டால் பக்கத்து வேப்பமரத்து இலையே அடைத்துவிடும். பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு சொட்டுப் படக்கூடாது. கூரைத் தண்ணீரால் வந்த சண்டை லேசில் ஆறாது. குழாயை நேராக மழைநீர்த் தொட்டிக்குள் விட்டுவிடாதே. நடுவில் ஒரு தகரப் பீப்பாய் வை, அது நிறைந்து வழிவது தொட்டிக்குப் போகட்டும். பிளாஸ்டிக் பீப்பாய் வேண்டாம். ஏன் என்று உனக்கு இப்போது தெரியும்.

எஞ்சினியர் சிரிப்பார். முகப்பு அழகு கெட்டுவிடும் என்பார். சிரிக்கட்டும், அவர் அங்கே குடியிருக்கப் போவதில்லை. கீழே உங்களுக்குத் தூக்கம் கெடுமோ என்று சுகன்யா யோசிப்பாள். நடுவில் கான்கிரீட் தளம் இருக்கிறது, உங்கள் காதுக்கு வராது என்று சொல். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் காது டாக்டர் இருக்கிறார், கூட்டிப் போகிறேன் என்று நீ துடிப்பாய். வருகிறேன், மறுக்கவில்லை. மிஷின் மாட்டிக்கொள்ளச் சொன்னால் மாட்டிக்கொள்கிறேன். உன் பேச்சுக்காக, சுகன்யாவின் பேச்சுக்காக, நாளைக்குப் பேரன் பேத்தி வந்தால் அவர்கள் மழலைக்காக அது வேண்டும். ஆனால் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கிற நேரமும் ஒன்று இருக்குமே. அந்த நேரத்துக்கு எனக்கு ஒரு தகரம் வேண்டும். இத்தனை நாள் உன்னிடம் மறைத்ததற்குக் காரணம் கேட்காதே. நீ போனில் அவ்வளவு சந்தோஷமாகப் பேசுவதாக உன் அப்பா சொல்வார். நடுவில் நிறுத்தி, "எனக்குக் கேக்கலை" என்று சொல்ல மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

தை மாதம் நாங்கள் குடி வருகிறோம். முதல் மழை எப்படியும் சித்திரையில்தான் வரும். அன்றைக்கு நீ மேலே ஓடி வந்து, அம்மா மழை, அம்மா மழை என்று என்னை எழுப்ப வேண்டாம். எனக்கே தெரிந்துவிடும். நான் கட்டிலில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன், பக்கத்தில் உன் அப்பா காலியான ரேஷன் பையோடு உட்கார்ந்திருப்பார். ஒருவேளை, அதற்குள் அந்தச் சத்தமும் என்னை விட்டுப் போயிருந்தால், மழை கொட்டிக்கொண்டிருக்க நான் ஒன்றும் தெரியாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தால், நீ பயந்துவிடாதே, கத்திக் கூப்பிடாதே. அதற்காகத்தான் அந்தத் தகரத்தைக் கைக்கு எட்டுகிற உயரத்தில் போடச் சொல் என்கிறேன். மெதுவாக வந்து என் கையைப் பிடி. என்னை எழுப்பி நிறுத்தி, உள்ளங்கையை அந்தத் தகரத்தின்மேல் வை. எனக்குக் கேட்கும்.

உன் அம்மா